எடைக்குப் பலகை, முழங்கைக்குத் தேயிலை

இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால்தான் ஓடும் மெஷின் ஒன்று. ஒருவர் உயரம் 150 செ.மீ., மற்றவர் 175 செ.மீ. இவர்களில் யார் மேல் சுமை அதிகம் விழும்? கேட்டவுடன் எல்லோரும் சொல்லும் பதில், உயரம் குறைந்தவர் மேல் என்பதுதான். மெஷின் அவர் பக்கம் சாயும், சாயும் பக்கம்தானே பாரம் இறங்கும் என்பார்கள். இயற்பியலின் பதில் வேறு. அந்தப் பதிலைத் தேடிப் போனால், கருவியை உடலுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுப்பது எப்படி என்ற பெரிய கேள்விக்கு வந்து சேர்வோம்.

மலேசியாவின் பகாங் மாநிலத்தில் உள்ள கேமரன் மலையில் இந்த மெஷினை அன்றாடம் பார்க்கலாம். 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மேட்டு நிலத்துக்கு வந்து போனதால் மலைக்கு அவர் பெயர் நிலைத்தது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ நிறுவனத்தின் தேயிலைத் தோட்டங்கள் இங்கே சரிவு சரிவாகப் பரந்து கிடக்கின்றன. 1933-இல் தொடங்கிய பாரத் நிறுவனத்தின் தோட்டங்களும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள்தான் ஆதியில் இங்கே காட்டை அழித்துக் கன்று நட்டார்கள், கூடை கட்டிக் கொழுந்து எடுத்தார்கள். இன்று நிரைகளில் நிற்பவர்களில் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா என்று பல நாட்டவர் இருக்கிறார்கள். கையால் கிள்ளும் வேலை பெரும்பாலும் மறைந்துவிட்டது. மிகச் செங்குத்தான இடங்களில் கத்தரி, மற்ற இடங்களில் இருவர் பிடிக்கும் மெஷின்.

ஜப்பானில் உருவான வடிவம் இது. ஒரு மீட்டரை ஒட்டிய நீளத்தில் வெட்டும் பற்கள், ஒரு முனையில் சிறிய எஞ்சின், வெட்டிய கொழுந்தைப் பின்னால் இருக்கும் நீண்ட பைக்குள் ஊதித் தள்ளும் காற்றுக்குழாய். நிரையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். செடிகளின் தலை மட்டத்தைத் தழுவியபடி மெஷினைத் தூக்கிப் பிடித்து நடக்க வேண்டும். மட்டம் ஒரு விரற்கடை தாழ்ந்தால் முற்றிய இலையும் குச்சியும் பைக்குள் வரும். ஒரு விரற்கடை உயர்ந்தால் நல்ல கொழுந்து செடியிலேயே நின்றுவிடும்.

கணக்கைப் பார்ப்போம். மெஷின் 12 கிலோ, இரு கைப்பிடிகளுக்கும் இடையே 150 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். எடைமையம் நட்டநடுவில் இருந்தால் ஆளுக்கு 6 கிலோ. ஆனால் எஞ்சின் ஒரு முனையில் இருப்பதால் எடைமையமும் அந்தப் பக்கம் நகர்ந்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், அதாவது 50 செ.மீ.-இல் இருக்கிறதென்றால், எஞ்சின் பக்கம் நிற்பவருக்கு 8 கிலோ, எதிர்ப்பக்கத்தவருக்கு 4 கிலோ. இருவரும் ஒரே உயரம் என்றாலும் இந்தப் பங்கீடு மாறாது.

இப்போது ஒரு கை தாழ்ந்து மறு கை உயர்கிறது. எடைமையம் இரு கைகளையும் இணைக்கும் கோட்டின் மீதே இருந்தால் சாய்வதால் எதுவும் மாறாது. கோட்டுக்கு மேலே இருந்தால் பாரம் தாழ்ந்த கைக்கு நகரும். கோட்டுக்குக் கீழே இருந்தால், பலரும் எதிர்பார்க்காதபடி, உயர்ந்த கைக்கு நகரும். தேயிலை மெஷினில் கைப்பிடிகள் சட்டத்திலிருந்து மேலெழும்பி நிற்பதால் எடைமையம் கைகளுக்குக் கீழேதான் தொங்குகிறது. அது 20 செ.மீ. கீழே இருந்து, மெஷின் 10 பாகை சாய்ந்தால், எடைமையம் சுமார் 3.5 செ.மீ. நகரும். பங்கீட்டில் வரும் மாற்றம் கால் கிலோவை ஒட்டியதுதான், அதுவும் உயரமானவர் பக்கம். எஞ்சின் எந்தப் பக்கம் என்ற கேள்வி தரும் 4 கிலோ வித்தியாசத்துக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை.

அப்படியென்றால் உயரம் குறைந்தவர் தோள் வலிக்கிறது என்று சொல்வது பொய்யா? இல்லவே இல்லை. அந்த வலி முழுக்க உண்மை. அதன் காரணம் கிலோவில் இல்லை, முழங்கையில் இருக்கிறது.

மேல்கை உடலோடு ஒட்டி, முழங்கை செங்கோணமாக மடங்கி நிற்கும்போது, உள்ளங்கையில் உள்ள பாரம் முழங்கை மூட்டிலிருந்து சுமார் 35 செ.மீ. தள்ளி இருக்கிறது. அந்தப் பாரத்தைத் தாங்கும் புயத்தசை மூட்டிலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளித்தான் எலும்பைப் பிடித்து இழுக்கிறது. எனவே ஒரு கையில் 4 கிலோ இருந்தால் தசை 28 கிலோவுக்கு ஈடான விசையுடன் இழுத்தாக வேண்டும். நம் உடலின் நெம்புகோல்கள் இப்படித்தான், விசையை இழந்து வேகத்தைப் பெறும்படி அமைந்தவை. பதினேழாம் நூற்றாண்டிலேயே இத்தாலியர் ஜொவான்னி போரெல்லி இதைக் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். கைப்பிடி முழங்கையின் மட்டத்தைத் தாண்டி உயர்ந்தால் நிலைமை இன்னும் கடுமையாகும். மேல்கை உடலை விட்டு முன்னால் எழும்புகிறது, பாரம் தோளிலிருந்து 35 செ.மீ. தள்ளி இருந்தது போய் 50, 60 என்று விலகுகிறது. அதே 4 கிலோ, தோளுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு திருப்புவிசை. தராசில் வைத்தால் இருவருக்கும் ஒரே சுமை. தோளைக் கேட்டால் ஒன்றல்ல.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது இதைத்தான்: ஆளுக்கேற்ற கருவி என்று பேசும்போது, ‘ஆள்’ என்பதில் எந்த அளவு என்று முதலில் கேட்க வேண்டும். எடையா, உயரமா, பாதமா, முழங்கையா? அதைத் தீர்மானிப்பது விற்பவரின் வழக்கமோ வாங்குபவரின் விருப்பமோ அல்ல. கருவியும் உடலும் சந்திக்கும் இடத்தில் எந்த விசை வேலை செய்கிறதோ, அதுதான் தீர்மானிக்கிறது.

எடை முழு ஆட்சி செலுத்தும் ஓர் இடத்தைப் பார்த்தால் இது தெளிவாகும். வேக்சர்ஃப் என்றொரு விளையாட்டு உண்டு. கடல் அலைக்குக் காத்திருக்காமல், ஏரியில் ஓடும் படகு தன் பின்னால் எழுப்பும் அலையின் மேல் பலகை வைத்து நின்று போவது. தொடக்கத்தில் கயிற்றைப் பிடித்து எழுகிறார்கள். அலை பிடிபட்டதும் கயிற்றைப் படகுக்குள் எறிந்துவிட்டு, எதையும் பிடிக்காமல் அலையின் சரிவிலேயே சறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். அலை பெரிதாக எழுவதற்காகப் படகுக்குள் நீர்மூட்டைகளை நிரப்பிப் பாரம் ஏற்றுவதும் உண்டு. படகின் வேகம் மணிக்கு 16 முதல் 19 கி.மீ. வரை.

அந்த வேகம்தான் இங்கே சூட்சுமம். அலை படகோடு ஒட்டி ஓடுவதால் படகின் வேகமே அலையின் வேகம், அதுவே சறுக்குபவரின் வேகம். மணிக்கு 18 கி.மீ. என்றால் வினாடிக்கு 5 மீட்டர். ஆழமான நீரில் அந்த வேகத்தில் ஓடும் அலையின் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே சுமார் 16 மீட்டர் இருக்கும். 40 கிலோ சிறுமி ஏறினாலும் 80 கிலோ தகப்பன் ஏறினாலும் இதில் மாற்றமில்லை.

நீரின் மேல் வேகமாகச் சறுக்கும் பலகையைத் தாங்குவது மிதப்பு மட்டுமல்ல. சற்றே மூக்கு உயர்ந்த பலகை நீரைக் கீழே தள்ளுகிறது, நீர் பலகையை மேலே தள்ளுகிறது. இந்த ஏற்றுவிசை பலகையின் பரப்பைப் பொறுத்தும், வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தும், பலகை நிமிர்ந்திருக்கும் கோணத்தைப் பொறுத்தும் கூடும். சிறுமிக்கும் தகப்பனுக்கும் வேகம் ஒன்று. கோணத்தை ஓரளவுக்கு மேல் கூட்டினால் பலகை நீரை உழுது நின்றுவிடும். மிஞ்சுவது பரப்புதான். இரு மடங்கு எடைக்கு இரு மடங்கு பரப்பு வேண்டும்.

இரு மடங்கு பரப்பு என்றால் இரு மடங்கு நீளமல்ல. நீளமும் அகலமும் சேர்ந்து வளர்வதால் ஒவ்வொன்றும் 1.41 மடங்கு வளர்ந்தால் போதும். சிறுமிக்கு 120 செ.மீ. பலகை பொருந்தினால், தகப்பனுக்குக் கணக்குப்படி 170 செ.மீ. கடைகளில் கிடைக்கும் பலகைகள் அவ்வளவு தூரம் விரிவதில்லை, பெரும்பாலானவை 160 செ.மீ.-ஐ ஒட்டி நின்றுவிடும். மீதியைப் படகோட்டி பார்த்துக்கொள்கிறார். வேகத்தை 16-லிருந்து 19-க்கு ஏற்றினால், வர்க்கக் கணக்கின்படி அதே பலகையில் ஏற்றுவிசை 41 விழுக்காடு கூடுகிறது. பலகை சிறிதாகிப் போன பெரிய உடம்புக்காரருக்குப் படகைச் சற்று விரட்டுவதும், சின்னவர்களுக்கு வேகத்தைக் குறைப்பதும் இதனால்தான்.

எடையோடு விஷயம் முடிந்துவிட்டால் தகப்பன் பலகையிலேயே மகளும் ஏறிவிடலாமே, அவளைத் தாராளமாகத் தாங்குமே? தாங்கும், ஆனால் அவள் சொல்பேச்சுக் கேட்காது. பலகையைத் திருப்ப அதை ஒரு விளிம்பின் பக்கம் சாய்க்க வேண்டும். குதிகாலிலிருந்து விரல் நுனிக்கு எடையை மாற்றித்தான் சாய்க்கிறோம். சாய்க்கும் திருப்புவிசை எடையையும் பாதத்தின் நீளத்தையும் பெருக்கினால் வருவதற்கு ஏற்ப அமையும். 80 கிலோ, 27 செ.மீ. பாதம் ஒருபுறம், 40 கிலோ, 21 செ.மீ. பாதம் மறுபுறம். பெருக்கிப் பார்த்தால் அவளிடம் இருப்பது தகப்பனுடைய வலிமையில் 39 விழுக்காடு. ஆக, பரப்பைத் தீர்மானிப்பது எடை, அகலத்துக்கு வரம்பு கட்டுவது பாதம். உயரம் வருவது இவற்றுக்குப் பிறகு, இரு கால்களையும் எவ்வளவு அகட்டி நிற்பது என்பதில் மட்டும். கடைக்காரர் முதலில் உயரத்தைக் கேட்டால், அவர் மூன்றாவது கேள்வியை முதலில் கேட்கிறார்.

கடல் அலையில் கணக்கு இடம் மாறுகிறது. கயிறு கிடையாது. பலகையின் மேல் படுத்துக் கைகளால் துடுப்புப் போட்டு அலையை எட்டிப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் வேகம் குறைவு, எனவே மிதப்பே துணை. பரப்பைவிடப் பலகையின் கன அளவு, அதாவது எத்தனை லிட்டர் என்பது முக்கியமாகிவிடுகிறது. புதிதாகக் கற்பவருக்கு எடையில் கிலோவுக்கு ஒரு லிட்டரை ஒட்டிக் கொடுப்பார்கள். தேர்ந்தவர்கள் கிலோவுக்கு அரை லிட்டருக்கும் குறைவான பலகையில் பாதி முழுகியபடியே துடுப்புப் போட்டு அலைக்குள் நுழைந்துவிடுவார்கள். தேயிலை விளையும் இதே பகாங்கின் கடற்கரையில், செராத்திங்கில், நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று எழுப்பும் அலைகளில் இதை நேரில் காணலாம். தமிழ்நாட்டில் சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவனின் முயற்சியில் வளர்ந்த அலைச்சறுக்குப் பள்ளியிலும், 2023 ஆகஸ்டில் சர்வதேசப் போட்டி நடந்த மாமல்லபுரத்திலும் காணலாம். அந்தக் கரையின் மீனவர்களுக்கு லிட்டர் கணக்கு புதிதல்ல. கட்டுமரத்தில் எத்தனை பேர் போகிறார்கள், எந்த வலை ஏற்றுகிறார்கள் என்று பார்த்து, சேர்த்துக் கட்டும் மரங்களின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் வந்தவர்கள் அவர்கள். மிதப்பை ஆளுக்கும் பாரத்துக்கும் ஏற்ப அளந்து கட்டும் அறிவு தலைமுறைகளாகக் கையில் இருந்தது. அலைப்பலகையை அவர்கள் அத்தனை விரைவில் வசப்படுத்திக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை.

மலைக்குத் திரும்புவோம். பலகைக்கு எடை எப்படியோ, தேயிலை நிரைக்கு முழங்கை அப்படி. நிற்கும்போது தரையிலிருந்து முழங்கை வரையான உயரம், பொதுவாக ஆள் உயரத்தில் 0.63 பங்கு. 150 செ.மீ. உள்ளவருக்கு 94 செ.மீ.-க்குச் சற்று மேல், 175 செ.மீ. உள்ளவருக்கு 110. நின்றபடி செய்யும் வேலைகளை நெடுங்காலம் ஆராய்ந்த சுவிட்சர்லாந்துக்காரர் எத்தியென் கிரான்ஜான் ஒரு வழிகாட்டி வகுத்தார். கை லேசாக இயங்கும் வேலைக்கு முழங்கைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே, பாரம் சேர்ந்த வேலைக்கு 15 முதல் 40 செ.மீ. கீழே மட்டம் இருக்க வேண்டும். மெஷின் பிடிப்பது இரண்டாவது வகை. உயரம் குறைந்தவருக்கு அந்த மட்டம் 54 முதல் 79 செ.மீ. வரை, உயரமானவருக்கு 70 முதல் 95 வரை. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும் இடம் 70-க்கும் 79-க்கும் இடையே ஒரு சாண் கூட இல்லை.

தேயிலைச் செடி அந்தச் சிறிய இடைவெளியில் நிற்பதில்லை. கவாத்து வெட்டிய பிறகு தாழ்வாகத் தொடங்கும் தலை மட்டம், ஒவ்வொரு சுற்றுக் கொழுந்து எடுத்த பிறகும் சற்றுச் சற்றாக ஏறிக்கொண்டே போகிறது. வெட்டிய இடத்துக்கு மேல் கொஞ்சம் தண்டும் இலையும் செடியில் நின்றுவிடுவதே காரணம். மூன்று நான்கு ஆண்டுகளில் மட்டம் கைக்கு எட்டாத அளவு உயர்ந்ததும் மீண்டும் கவாத்து. ஆகவே ஒரே நிரை முதல் ஆண்டில் ஒருவர் உடம்புக்கும் மூன்றாம் ஆண்டில் வேறொருவர் உடம்புக்கும் பொருந்துகிறது. முதல் ஆண்டு நிரையில் உயரமானவர் குனிந்து முதுகைக் கொடுக்கிறார். மூன்றாம் ஆண்டு நிரையில் உயரம் குறைந்தவர் கையைத் தூக்கித் தோளைக் கொடுக்கிறார்.

சராசரி ஆளுக்கு ஒரு மட்டம் வைத்துவிட்டால் பெரும்பாலானோருக்குச் சரியாக இருக்காதா என்று தோன்றும். இதற்கு அமெரிக்க விமானப்படையிலிருந்து மறக்க முடியாத ஒரு பதில் வந்தது. 1950-இல் 4,063 விமானிகளின் உடலளவுகள் எடுக்கப்பட்டன. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் அவற்றிலிருந்து விமானி இருக்கைக்கு முக்கியமான பத்து அளவுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நடுப்பகுதி 30 விழுக்காட்டுக்குள் வருபவரைச் ‘சராசரி’ என்று தாராளமாகவே வரையறுத்தார். பத்திலும் சராசரியாக இருந்தவர் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை. உயரம் சராசரி என்றால் கை நீளம், மார்பு சராசரி என்றால் கால் குட்டை என்று ஒவ்வோர் உடலும் ஏதோ ஓர் இடத்தில் விலகியது. 1952-இல் அவர் அறிக்கை வெளியான பிறகு, இருக்கையையும் மிதிகளையும் ஆளுக்கேற்ப நகர்த்தும்படி அமைப்பதே வழி என்ற எண்ணம் வலுப்பெற்றது. அந்த விமானிகள் எல்லோரும் இளைஞர்கள், ஆண்கள், உடல்தேர்வில் வடிகட்டப்பட்டவர்கள். அவர்களிடையேயே ஒரு சராசரி ஆள் கிடைக்கவில்லை. பல நாட்டு ஆண்களும் பெண்களும் சேர்ந்து நிற்கும் மலைச்சரிவில் எப்படிக் கிடைப்பார்?

மெஷினைத் தவிர இன்னொரு கருவியும் இந்த மலையின் வரலாற்றில் இருக்கிறது. முதுகில் தொங்க, பட்டையைத் தலையில் மாட்டிச் சுமந்த கூடை. இங்கே பொருந்தும் அளவு எடைதான், ஆனால் நேர்விகிதத்தில் அல்ல. கலீலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் சொன்னபடி, உடல் பெரிதாகும்போது எடை நீளத்தின் கனத்துக்கு ஏற்ப ஏறுகிறது, எலும்பு, தசை இவற்றின் வலிமை குறுக்குவெட்டுக்கு ஏற்ப, அதாவது நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் ஏறுகிறது. 75 கிலோ உள்ளவரோடு 45 கிலோ உள்ளவரை ஒப்பிட்டால் எடை 60 விழுக்காடு. வலிமையோ 71 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். சிறிய உடல் தன் எடைக்கு மிஞ்சிய வலிமை கொண்டது. 2005-இல் நேபாளச் சுமைதூக்கிகளை அளந்த ஆய்வில், தலைப்பட்டை மாட்டி மலையேறும் ஆண்கள் சராசரியாகத் தம் எடையில் 93 விழுக்காடும், பெண்கள் 66 விழுக்காடும் சுமந்தது தெரியவந்தது. சிலர் தம் எடையைவிட அதிகம் சுமந்தார்கள். இது அவர்களுடைய திறமைக்குச் சான்று. அவ்வளவு சுமத்தலாம் என்பதற்கு அனுமதிச் சீட்டாக யாரும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அழுத்திச் சொல்வேன். முடிகிறது என்பதும் முதுகெலும்பு முப்பது ஆண்டு தாங்கும் என்பதும் வேறு வேறு கேள்விகள். நம் பாட்டிமார் பலர் கூனிய முதுகோடு அந்த இரண்டாம் கேள்விக்கு விடை சொல்லிப் போனார்கள்.

செங்குத்துச் சரிவுகளில் மிஞ்சியிருக்கும் கத்தரியில் வேறோர் அளவு முன்னுக்கு வருகிறது. கத்தரியின் பல்லோடு சேர்ந்த பெட்டியில் கொழுந்து விழுகிறது. நிறைய நிறையப் பாரம் முன்முனையில், உடலிலிருந்து தள்ளி ஏறுகிறது. பாரம் தூக்குவதற்கு அமெரிக்கத் தொழில்நலக் கழகம் 1991-இல் வகுத்த சூத்திரம், மிக நல்ல நிலையில் 23 கிலோவைத் தொடக்கமாக வைக்கிறது. உடலிலிருந்து 25 செ.மீ. தள்ளி இருந்தால் முழு 23. அதுவே 50 செ.மீ. என்றால் பாதியாகக் குறைகிறது. கை குட்டையானவர் கத்தரியை நெருக்கிப் பிடிக்கிறார், ஆனால் நிரையின் நடுவை எட்ட உடலையே முன்னால் சாய்க்க வேண்டியிருக்கிறது. அப்போது கத்தரியோடு தன் மேலுடம்பின் எடையையும் இடுப்பு தாங்குகிறது. எனவே கத்தரிக்குக் கேட்க வேண்டிய அளவு கையெட்டும் தூரம்.

இவற்றையெல்லாம் தோட்டத்தில் நடைமுறைப்படுத்தப் புது மெஷின் வாங்க வேண்டியதில்லை. ஓர் அளவுநாடாவும், காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்தனுப்பும் பிரட்டுக்களத்தில் பத்து நிமிடமும் போதும். ஒவ்வொருவருடைய முழங்கை உயரத்தையும் ஒருமுறை குறித்துவைத்து, ஐந்து செ.மீ.-க்குள் ஒத்துவருபவர்களை ஜோடியாக்கலாம். கவாத்து முடிந்த முதல் ஆண்டு நிரைகளை உயரம் குறைந்த ஜோடிகளுக்கும், மட்டம் ஏறிய கடைசி ஆண்டு நிரைகளை உயரமான ஜோடிகளுக்கும் கொடுக்கலாம். கைப்பிடியின் கோணத்தை மாற்ற இடமுள்ள மெஷின்களில் திருகைத் தளர்த்தி, அன்று பிடிப்பவரின் முழங்கைக்குக் கீழே வரும்படி இறுக்கிவிட்டு வேலையைத் தொடங்கலாம். எஞ்சின் பக்கம் ஒரே ஆள் நாள் முழுவதும் நிற்காமல், நிரை முடியும் ஒவ்வொரு திருப்பத்திலும் இருவரும் இடம் மாறிக்கொள்ளலாம். அப்போது ஒருவருக்கு 8, மற்றவருக்கு 4 என்று விழுந்த பாரம், பொழுது சாய்வதற்குள் இருவருக்கும் ஆறு ஆறாகக் கணக்கு நேராகும்.